நாற்பத்தோராவது நிமிடம்

செத்தவீட்டில் மைக் இருப்பது ஒருவருடைய கண்ணிலும் படக்கூடாது. இது கோபிசங்கர் தனக்கு வைத்துக்கொண்ட சட்டம்.

கலியாணவீட்டில் தாங்கி வைத்து மைக் நிறுத்தலாம். மணவறைக்குப் பக்கத்தில் அதுவும் ஓர் அலங்காரம். செத்தவீட்டில் பெட்டியைச் சுற்றி விழுந்து அழுகிறவர்கள் தாங்கியையும் இழுத்துக்கொண்டு விழுவார்கள். மைக்கைக் கண்டால் சிலருக்கு அழுகை நின்றுவிடும். சிலருக்குக் கூடிவிடும். ஆகவே அவன் பந்தலின் வெள்ளைத் துணிக்குள், தலைமாட்டுக்கு நேர் மேலே, ஒரு சிறிய மைக்கைக் கட்டித் தொங்கவிடுவான். வயர் பந்தல் கம்பத்தோடு கம்பமாக இறங்கி, கதிரைகளுக்குக் கீழால் ரெக்கோடருக்குப் போகும். இருபது வருடத்தில் ஒருவரும் மேலே நிமிர்ந்து பார்த்ததில்லை.

அவனுக்கு நாற்பத்தேழு வயது. மருதனார்மடம் சந்தியில், சந்தைக்கு எதிரே, மருந்துக்கடையின் மேல்மாடியில் ஸ்ரூடியோ. இளமையில் ஒலிபெருக்கிக் கடை ஒன்றில் நின்றான். கோயில் திருவிழாக்களுக்குக் குழாய் கட்ட மரம் ஏறினான். பிறகு கலியாண வீடியோ வந்தது. இப்போது செத்தவீடுகள்தான் கூட. வெளிநாட்டுப் பிள்ளைகள் முதலில் நேரலையில் பார்ப்பார்கள். முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்ததும் திருத்திய படம் கேட்பார்கள்.

“கலியாணம் ஒத்தி வைப்பினம் அண்ணை. செத்தவீட்டை ஒத்தி வைக்க ஏலாது” என்பான் லோஜன். அவன்தான் இரண்டாவது கமெரா. பத்து வருடமாக ஒன்றாக வேலை செய்கிறார்கள். பிணத்துக்கு முன்னால் எந்நேரமும் நிற்கிறவர்களுக்கு வருகிற ஒரு கதைமுறை இருவருக்கும் வந்திருந்தது. வாயை அசைக்காமல், முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு, மெல்லிய குரலில் பகிடி விடுவார்கள்.

போன பங்குனியில் அச்சுவேலியில் செல்வநாயகி என்ற அம்மா செத்துப்போனார். வீட்டில் மகள் சுபாஜினி மட்டும். மகன் சுபாங்கன் பிரான்சில் ஒரு சாப்பாட்டுக்கடையின் குசினியில் வேலை. அவன் வரவில்லை. ஆனால் இரண்டு கமெராவும் நல்ல ஒலிப்பதிவும் வேண்டும் என்று போனில் திரும்பத் திரும்பச் சொன்னான். கோபிசங்கர் எடுத்தான், திருத்தினான், அனுப்பினான். மகளுக்குப் பென்ட்ரைவ் ஒன்றில் போட்டுக் கொடுத்தான். வேலை முடிந்தது.

இரண்டு கிழமை கழித்து சுபாங்கன் எழுதினான். “அண்ணை, எங்கடை கிணத்தடிச் சத்தம்கூட விழுந்திருக்கு. அந்த மைக் என்ன மைக்?”

இப்படி யாரும் அவனிடம் கேட்டதில்லை. படத்தில் தங்கள் முகம் வந்ததா என்றுதான் கேட்பார்கள். அவன் மைக்கின் படத்தை அனுப்பினான். சுபாங்கன் தன்னுடைய ஹெட்போனின் படத்தை அனுப்பினான். அதற்குப் பிறகு கிழமைக்கு ஒருமுறையாவது இருவரும் ஒலியைப் பற்றிக் கதைத்தார்கள். அப்போதுதான் சுபாங்கனுடைய அகதி விண்ணப்பம் இரண்டு தரம் தள்ளுபடியானதும், பிரான்சை விட்டு வெளிக்கிட்டால் திரும்பப் போக முடியாது என்பதும் கோபிசங்கருக்குத் தெரியவந்தது. அதைக் கேட்டபோது அவனுக்குப் பாவமாக இருந்தது. வேறொன்றும் நினைவுக்கு வரவில்லை.

கோபிசங்கரிடம் கொழும்பில் வாங்கிய பாரமான ஹெட்போன் ஒன்று இருந்தது. அதைக் கணினியில் நேரே செருகித்தான் வேலை செய்வான். சத்தத்தை முழுதாகக் கூட்டினாலும் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்பது போலிருக்கும். செருகும் இடம் பழுதாகி இடப்பக்கம் எப்போதும் மந்தம். பழகிவிட்டது.

“உங்கடை கொம்பியூட்டர் அந்த ஹெட்போனை இழுக்காது அண்ணை” என்றான் சுபாங்கன். “என்னட்டை ஒரு பழைய டாக் கிடக்கு, ஹெட்போனுக்குப் பூட்டுற பெட்டி. நான் புதுசு எடுத்திட்டன். நல்லூர்த் திருவிழாவுக்கு ஒராள் வாறார், குடுத்து விடுறன்.”

“வேண்டாம் தம்பி, ஏன் வீணா...”

“சும்மா கிடக்கிறதுதானே. நீங்கள் கேளுங்கோ.”

பெட்டி வந்தது. கறுப்பு நிறம், அரை றாத்தல் பாண் அளவு. முன்னால் ஒரு திருகு, ஹெட்போன் செருக ஒரு துளை. கணினிக்குள் எண்களாகக் கிடக்கும் ஒலியை மறுபடி ஒலியாக்குவது அதன் பாதி வேலை. பாரமான ஹெட்போனைத் தள்ளுவதற்குப் பலம் கொடுப்பது மறுபாதி. கோபிசங்கர் மேசையைத் துடைத்து அதை வைத்தான். கணினியின் முன்பக்கத்தில் வயரைச் செருகியபோது காதுக்குள் நுளம்பு போல ஒரு சிணுங்கல். பின்பக்கத்துக்கு மாற்றினான். சிணுங்கல் நின்றது. அதற்குப் பிறகு வந்த அமைதியில் அவன் கையை எடுத்துவிட்டுச் சும்மா இருந்தான். இந்த ஹெட்போனுக்குள் இவ்வளவு அமைதி இருந்தது அவனுக்குத் தெரியாது.

முதலில் ஒரு தவில் கச்சேரியைப் போட்டான். திருகைக் கால்வாசிகூடத் திருப்பவில்லை. தோலில் விரல் படுவதற்கு முன்னால் ஒரு மூச்சு கேட்டது. தவில்காரரின் மூச்சு. அவனுக்குச் சிரிப்பு வந்தது. இடப்பக்கம் உயிர்த்திருந்தது. வேறு என்னவெல்லாம் இதுவரை கேளாமல் போயிற்று என்று பார்க்கும் ஆவலில் தன்னுடைய வேலைகளை ஒவ்வொன்றாகத் திறந்தான். பெட்டியைத் தந்தவனுக்கு மரியாதையாக அச்சுவேலிச் செத்தவீட்டையும் திறந்தான்.

கிணற்றடி வாளி கேட்டது. பந்தல் துணி காற்றில் தட்டுவது கேட்டது. நாற்பத்தோராவது நிமிடத்தில் பறை நின்றது. இடப்பக்கத்தில், காதுக்குள் வாயை வைத்துச் சொல்வது போல, ஓர் ஆண் குரல் கேட்டது.

“தாய் செத்ததுக்கு வராதவருக்கு ரெண்டு கமெராவாம். அழுகிற ஆக்களைக் கிட்டப் போய் எடு லோஜன். அங்கை இருந்து வடிவாப் பாத்து அழட்டும்.”

பிறகு ஒரு சிரிப்பு. மூக்கால் விட்ட, சின்னச் சிரிப்பு.

அவன் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தான். அதற்குள்ளிருந்து செத்தவீடு மெல்லியதாகத் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருந்தது.

மைக் தலைக்கு மேலே தொங்குவதை அவனே மறந்திருக்கிறான். ஒருவருக்கும் தெரியாமல் அவ்வளவு கெட்டித்தனமாக ஒளித்து வைத்திருக்கிறான். இடப்பக்கம் மந்தமான ஹெட்போனோடு அதைத் திருத்தி, சரி என்று அனுப்பியும் இருக்கிறான்.

லோஜன் பகல் சாப்பாட்டுப் பார்சலோடு படியேறி வந்தான். கோபிசங்கர் ஹெட்போனை அவன் தலையில் மாட்டினான். லோஜன் கேட்டான். முதலில் புருவம் ஏறியது, பிறகு வாய் கோணியது.

“அட, உங்கடை குரல் நல்ல எடுப்பா விழுந்திருக்கு அண்ணை. ரேடியோவுக்குப் போயிருக்கலாம்.”

“விசர்க்கதை கதையாதை.”

“உது ஆருக்குக் கேக்கப்போகுது? சனம் போனிலைதானே பாக்கிறது.”

“அவருக்குக் கேக்கும். இந்தப் பெட்டியே அவரின்ரை பெட்டிதான்.”

லோஜன் பார்சலின் நூலை அவிழ்ப்பதை நிறுத்தினான். பிறகு சொன்னான். “கேட்டிருந்தால் இப்பிடி ஒரு சாமான் குடுத்து விடுவாரே? அடிக்கத் தும்புத்தடி எல்லோ குடுத்து விட்டிருப்பார். பேசாம விடுங்கோ. நாங்கள் செத்தவீட்டிலை கதைச்சதெல்லாத்தையும் துடைக்க வெளிக்கிட்டால் படமெல்லாம் ஊமையாப் போகும்.”

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. கேட்டிருந்தால் தந்திருக்கமாட்டான். அப்படியானால் இன்னும் கேட்கவில்லை. இனிக் கேட்கக்கூடும். புதிதாக வாங்கியது இதைவிட நல்ல பெட்டி என்று சொன்னானே.

சாப்பிட்ட கையோடு கோபிசங்கர் வேலையைத் தொடங்கினான். தன் குரல் இருந்த பதினான்கு விநாடியை வெட்டினான். வேறோர் இடத்திலிருந்து சனத்தின் இரைச்சலையும் அழுகையையும் எடுத்து அந்தப் பள்ளத்தை நிரப்பினான். வெட்டிய துண்டில் அவன் குரலுக்குப் பின்னால் வேறு ஏதோ மெல்லியதாக, தகரப் பேணிக்குள் அகப்பட்ட குளவி போல இரைந்தது. மைக் வயரின் இரைச்சலாக்கும் என்று நினைத்தான். அந்தத் துண்டை இரண்டாம் முறை கேட்க அவனுக்கு மனம் வரவில்லை. தையல் தெரியாமல் பொருந்தியது. நல்ல வேலை. பிறகு பழைய படத்தையும் ரெக்கோடரில் இருந்து எடுத்து வைத்திருந்த மூலப்பதிவையும் கணினியிலிருந்து அழித்தான். குப்பைத் தொட்டியையும் வெறுமையாக்கினான்.

சுபாங்கனுக்கு எழுதினான். “தம்பி, உங்கடை பெட்டியிலை கேட்டுச் சத்தத்தை இன்னும் திருத்தியிருக்கிறன். பழையதை அழிச்சுப் போட்டு இதை வைச்சிருங்கோ.”

எழுதியதில் ஒவ்வொரு சொல்லும் உண்மைதான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டான்.

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் பின்னேரம், சந்தை கலைகிற நேரம், போன் அடித்தது. அங்கே மத்தியானச் சமையல் முடிந்த ஓய்வு நேரம்.

“அண்ணை, கதைக்கலாமோ?”

“ஓம் தம்பி, சொல்லுங்கோ. கேட்டனீங்களே?”

“கேட்டன். வடிவாக் கிடக்கு. நாப்பத்தோராவது நிமிசத்திலை என்ரை குரல் எங்கை?”

கோபிசங்கருக்கு விளங்கவில்லை. “என்ன குரல்?”

“அக்கா போனை அம்மாவின்ரை காதடியிலை பிடிச்சவ. பெட்டி மூட முதல். நான் கூப்பிட்டனான், அம்மா, அம்மா எண்டு. அது முந்தினதிலை இருந்தது. இப்ப இல்லை.”

பேணிக்குள் குளவி.

“அதுக்கு மேலைதான் நீங்கள் கதைச்சது” என்றான் சுபாங்கன். “அதை எடுக்கத்தானே வெட்டினனீங்கள்?”

கீழே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள். அது பிடிக்கவில்லை.

“எப்ப கேட்டனீங்கள்?”

“முதல் கிழமையே. முதல் உங்கடை கதை மட்டுந்தான் கேட்டுது. பிறகு பின்னாலை என்ரை குரலும் கிடக்குமோ எண்டு அந்தப் பழைய டாக்கை வாங்கினனான். ரெண்டு தரம் கூப்பிட்டது கேட்டுது. இப்ப வாங்கினதிலை நாலு கேட்டுது. நான் அஞ்சு தரம் கூப்பிட்டனான் அண்ணை. அஞ்சாவது இன்னும் வரேல்லை. இதைக் குடுத்துப் போட்டு இன்னும் நல்லது ஒண்டு எடுக்க யோசிச்சிருந்தன்.”

“தம்பி, எனக்கு அண்டைக்கு உங்கடை நிலைமை தெரியாது. பகிடிக்குச் சொன்ன கதை...”

“அது கிடக்கட்டும்.”

“பிறகு ஏன் எனக்கு இந்தப் பெட்டியை அனுப்பினனீங்கள்?”

“நீங்கள் நல்லாத்தான் எடுத்தனீங்கள். அம்மாவின்ரை வீட்டை எனக்குக் காதிலை கொண்டந்து தந்தது நீங்கள். கேட்டால் என்னட்டை ஏதும் சொல்லுவியள் எண்டு நினைச்சன். துடைப்பியள் எண்டு நினைக்கேல்லை.”

கோபிசங்கர் பெட்டியின் திருகைச் சும்மா திருப்பினான்.

“சரி அண்ணை, பழையதையே திருப்பி அனுப்புங்கோ. நீங்கள் சொன்னபடி நான் அழிச்சுப் போட்டுத்தான் புதுசை இறக்கினனான். போனிலை இடம் காணாது.”

“அனுப்புறன்” என்றான் கோபிசங்கர்.

போனை வைத்ததும் கணினிக்கு முன்னால் குந்தினான். அழித்ததை மீட்க இரவு வரைக்கும் பார்த்தான். கணினிக்காரனிடம் கொண்டு ஓடினான். அந்த இடத்தில் இதற்கிடையில் ஒரு பூப்புனித நீராட்டு விழாவும் ஒரு கடைத் திறப்பும் ஏறி உட்கார்ந்திருந்தன. ஒரு மனிதன் தன் தாயின் செத்தவீட்டில் நின்றதற்கு இருந்த ஒரே சாட்சி பதினான்கு விநாடி. அதைத் தன் மானத்தைக் காக்க வெட்டி எறிந்திருக்கிறான். இனி உலகத்தில் ஒரு பிரதிதான் மிச்சம், அதுவும் சுபாஜினி வைத்திருந்தால்.

மறுநாள் காலை மடிக்கணினியையும் பெட்டியையும் ஹெட்போனையும் பையில் போட்டுக்கொண்டு அச்சுவேலிக்குப் போனான். வழி நெடுக ஒரு பொய்யைச் செய்து பார்த்தான். கணினி பழுதாகிவிட்டது என்று சொல்லலாம். யாரும் நம்புவார்கள். பிரதியை எடுத்துக்கொண்டு ஐந்து நிமிடத்தில் வெளிக்கிடலாம்.

சுபாஜினி முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். பென்ட்ரைவ் என்று கேட்டதும், “அது அண்டைக்குத் தொடக்கம் ரி.வி.க்குப் பின்னாலைதான் செருகினபடி நிக்குது” என்றாள். “ஒருக்காத்தான் பாத்தனான். பிறகு பாக்க மனம் வரேல்லை.”

அவன் கதிரையில் இருந்து அதைக் கணினியில் செருகினான். படம் திறந்தது. நாற்பத்தோராவது நிமிடம் இருந்தது.

“ஏன் அண்ணை, உங்களிட்டை இல்லையோ?”

“அழிச்சுப் போட்டன்.”

“தவறுதலாவே?”

அந்த நேரம் ஓம் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பத் தயாராகவே கேட்டாள்.

“இல்லைத் தங்கச்சி. வேணுமெண்டுதான் அழிச்சனான்.”

அவன் சொன்னான். மைக் எங்கே கட்டியது, எங்கே நின்றது, என்ன சொன்னது, எப்படி வெட்டியது, எல்லாம். அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். கடைசியில், “தாங்கோ, கேப்பம்” என்றாள்.

“முதல் என்ரை குரல்தான் கேக்கும்.”

“கேக்கட்டும்.”

அவன் பெட்டியை இணைத்தான். அவளுக்கு ஹெட்போன் பெரிதாக இருந்தது. இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டாள். அவள் கேட்டுக்கொண்டிருந்தபோது அவன் நிலத்தைப் பார்த்தான். பிறகு பார்க்காமல் இருக்க முடியவில்லை. பெருவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். நான்கில் நின்றது. சுபாங்கனுக்கு இதே பெட்டியில் இரண்டுதான் கேட்டது, இந்தப் பாரமான ஹெட்போனில் நான்கு. திரும்பப் போடச் சொன்னாள். திரும்பவும் நான்கில் நின்றது.

“அவன் அஞ்சு தரம் கூப்பிட்டவன்” என்றாள். “அஞ்சாவது தரம் பெலத்து. எனக்குக் கை நடுங்கினது. அதோடை லைன் கட்டாயிட்டுது.”

“ஓம். தம்பியும் சொன்னவர். அதைத் தேடித்தான் ஒவ்வொரு பெட்டியா மாத்திறார்.”

“உங்கடை சிரிப்பு வருகுதே, அந்த இடம்தான்.” அவள் ஹெட்போனைக் கழற்றி அவனிடம் நீட்டினாள். “ஏன் சிரிச்சனீங்கள்?”

“பகிடி எண்டு நினைச்சு.”

“நல்ல பகிடி.”

அவள் மிளகாயைக் கிளறப் போய்விட்டாள். அவன் மாட்டிக்கொண்டு அந்த இரண்டு விநாடியை மட்டும் கேட்டான். திருகைக் கூட்டினான். குறைத்தான். சிரிப்பு பெரிதாகியது, சிறிதாகியது. அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை. அவனுக்குத் தொழில் தெரியும். கிட்டத்தில் சத்தம் வந்தால் மற்றச் சத்தத்தைத் தானாகவே கீழே தள்ளும்படி அந்த ரெக்கோடரைச் செட் பண்ணியது அவன்தான். சொற்களின் இடைவெளியில் நான்கு தப்பியிருக்கின்றன, சிரித்த இடத்தில் சிரிப்பு மட்டுந்தான் விழுந்திருக்கிறது. பதிவில் இல்லாததை உலகத்தின் எந்தப் பெட்டியும் எடுத்துத் தராது. சுபாங்கன் இன்னொன்று வாங்குவான், அதற்குப் பிறகும் இன்னொன்று. ஒவ்வொரு தரமும் அந்த வார்த்தைகளைத் தாண்டி, அந்தச் சிரிப்பு வரைக்கும் வந்து, காதைத் தீட்டிக்கொண்டு இருப்பான்.

படத்தை வெட்டாமல் கொத்தாமல் அப்படியே அனுப்பினான். அச்சுவேலியில் சிக்னல் மந்தம். போய்ச் சேர அரை மணித்தியாலம் எடுத்தது. அந்த நேரம் முழுதும் சுபாஜினி முற்றத்தில் இருந்தாள். தேத்தண்ணி தரவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை.

“நான் அவனுக்குச் சொல்லமாட்டன்” என்று முற்றத்திலிருந்தே சொன்னாள். “நீங்கள்தான் சொல்லோணும்.”

அவன் எழுந்து வாசல் படலையடிக்கு வந்து போனை எடுத்தான். பிரான்சில் விடிந்து கொஞ்ச நேரந்தான். இரண்டாவது மணியிலேயே சுபாங்கன் எடுத்தான்.

“அண்ணை, வந்திட்டுது. இப்பதான் பாத்தன். பெரிய உபகாரம்.”

“தம்பி, புதுசு ஒண்டும் வாங்காதேங்கோ” என்றான் கோபிசங்கர்.

“ஏன்?”

“அஞ்சாவது எங்கை போனதெண்டு சொல்லுறன். கேளுங்கோ.”